ஏழங்குல எமோ இசைத்தட்டை டிஜிட்டலுக்கு மாற்றுவது எப்படி

எமோ என்ற உணர்ச்சி கொப்பளிக்கும் பங்க் இசைக்கு முன்னோடி எனப்படும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு வாஷிங்டன் டி.சி.யில் 1984இல் தொடங்கி 1986இன் தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது. டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் பதிவுகளை விடாமல் அச்சில் வைத்திருப்பதால் அவர்களுடைய பாட்டு இன்றும் கிடைக்கிறது. அவர்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ இளம் குழுக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில நூறு பிரதி அடித்த ஒரே ஒரு ஏழங்குலத் தட்டோடு கதை முடிந்துவிடும், மூல டேப்பும் இருக்காது. அப்படிப்பட்ட தட்டைக் கணினிக்கு மாற்றும்போது ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: தட்டில் பிறகு சேர்ந்ததை நீக்கலாம், குழு பதிவு செய்ததைத் தொடக்கூடாது.

முதலில் கழுவுவது. காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, அரை லிட்டருக்கு ஒரு சொட்டு வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்த்து, வெறும் வடிநீரால் இரண்டு முறை அலசி, நிமிர்த்தி வைத்து நன்றாக உலர விடுங்கள். லேபிளில் ஒரு துளிகூடப் படக்கூடாது. இந்த வகைத் தட்டுகளில் லேபிளை ரப்பர் ஸ்டாம்பால் கையாலேயே குத்தியிருப்பார்கள், ஆல்கஹால் பட்டால் மை கலைந்துவிடும். உறை பெரும்பாலும் ஜெராக்ஸ் தாளை மடித்துச் செய்ததாக இருக்கும். அதைப் பிவிசி கவரில் போட்டால் நாளடைவில் டோனர் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் கவர் வாங்குங்கள்.

அடுத்தது வேகம். 33⅓ஆ, 45ஆ என்று பல தட்டுகளில் போட்டிருக்கவே மாட்டார்கள், சிலவற்றில் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகம். தவறான வேகத்தில் சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கு மேல் விலகும். கத்திப் பாடும் குரலை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிம்பல் அடித்தபின் ஓசை அடங்கும் விதத்தைக் கேளுங்கள், சட்டென்று பிடிபடும். நுணுக்கமாகப் பார்க்க ஆம்ப் இரைச்சல் உதவும். அமெரிக்காவில் பதிவான தட்டு என்றால் பாட்டு தொடங்குமுன் கேட்கும் ரீங்காரம் 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் விழ வேண்டும், ஐரோப்பா என்றால் 50. ஒலித்திருத்த மென்பொருளில், எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தின் அளவை 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 65536 என்று வைத்தால் ஒன்றரை ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம். 120 இருக்க வேண்டிய இடத்தில் 89 தெரிந்தால் 45 தட்டை 33இல் ஓட்டுகிறீர்கள். ஊசியைத் தூக்கி வைத்தும் ஒருமுறை பதிந்து பாருங்கள். அப்போதும் ரீங்காரம் வந்தால் அது உங்கள் கருவியுடையது. வேகத்தை டர்ன்டேபிளிலேயே சரி செய்யுங்கள். கணினியில் பெரிதாக மாற்றினால், ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஏற்கெனவே போட்ட ஆர்ஐஏஏ ஈடுகட்டலும் (தட்டு வெட்டும்போது குறைத்த தாழ் ஒலியையும் கூட்டிய உச்ச ஒலியையும் பழையபடி ஆக்குவது) சேர்ந்து இடம் பெயர்ந்துவிடும்.

நடுத்துளை மையம் தவறியிருந்தால் கிட்டார் ஓசை ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும். 38 மில்லிமீட்டர் பெரிய துளை உள்ள தட்டுக்கு எளிய வழி உண்டு. அடாப்டரை எடுத்துவிடுங்கள். தட்டைச் சுழலவிட்டு, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் பக்கவாட்டில் ஆடுவதைப் பாருங்கள். நிறுத்தி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி சுழற்றுங்கள். ஆட்டம் அடங்கும்வரை இதைப் பொறுமையாகச் செய்தால் போதும். சிறு துளைத் தட்டில் இது நடக்காது.

ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். 33⅓ வேகத்தில் ஓடும் ஏழங்குலத் தட்டில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 29 செ.மீ., உள்விளிம்பில் 19 செ.மீ.தான். பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் அடைத்த தட்டில், கடைசிப் பாட்டு கதறலாக வெடிக்கும் இடம் சரியாக அந்த நெருக்கடியில்தான் வந்து விழும். அங்கே ‘ஸ்’ ஒலி கிழிந்தால் எலிப்டிக்கல் அல்லது ஃபைன்லைன் எனப்படும் மெல்லிய முனை ஊசி, புரொட்ராக்டர் என்ற அளவுகோலால் சரிபார்த்த ஊசிக் கோணம், ஊசி அழுத்தும் எடைக்குத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதி என்று மூன்றையும் பாருங்கள். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளித்தான் அதைக் கெடுக்கிறது. இத்தனைக்கும் பிறகு கிழிந்தால் வேறு வடிவ ஊசியை முயலுங்கள், தேயாத ஓர் உயரத்தில் அது உட்காரக்கூடும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் −6 டெசிபலைத் தாண்டக்கூடாது. பதிவின் ஒலி அளவைப் பாட்டின் தொடக்க இசையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒற்றைக் கிட்டார் நிமிடக்கணக்கில் மெதுவாக மீட்டும், பிறகு முழுக் குழுவும் ஒரே அடியில் இறங்கும். அங்கேதான் ஒலி அளவு மீறிச் சிதையும் (க்ளிப் ஆகும்). தட்டின் மிகச் சத்தமான இடத்தைத் தேடி அதை ஓட்டி அளவு வையுங்கள். ஊசி இறங்குமுன்பே பதிவைத் தொடங்குங்கள்.

இந்தக் கச்சாக் கோப்பை அப்படியே தனியாகச் சேமித்துவிட்டு, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தானியங்கிக் கிளிக் நீக்கியை முழுப் பக்கத்துக்கும் போடுவதுதான் பெரும்பாலான பரிமாற்றங்களைப் பாழாக்குகிறது. ஸ்னேர் அடியின் முனையையும் டிஸ்டார்ஷன் கிட்டாரின் கூர்மையையும் அது கீறல் என்று எடுத்துக்கொள்ளும், டிரம் அட்டைப்பெட்டி மாதிரி மழுங்கிப் போகும். போட்டே ஆக வேண்டுமானால், திருத்திய கோப்பின் அலையை மேல்கீழாகப் புரட்டி (இன்வர்ட்; பின்னோக்கி ஓட்டுவதல்ல) மூலத்தோடு கலந்து, நீக்கப்பட்டது எது என்று கேளுங்கள். அதில் தாளம் கேட்டால் அமைப்பைக் குறையுங்கள். மெதுவான பகுதியில் உறுத்தும் கீறல்களைக் கையால் எடுப்பதே மேல். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளின் ரிப்பேர் வசதி ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரை ஏற்கும், 96 கிலோஹெர்ட்ஸில் அது ஒன்றேகால் மில்லிநொடிக்குச் சற்று மேல். பெரும்பாலான கீறல்களுக்கு இது போதும்.

இரைச்சல் நீக்கியைத் தொடவே வேண்டாம். டேப் ஹிஸ் எனும் மெல்லிய ‘ஸ்ஸ்’ இரைச்சல், டிரம் குச்சியைத் தட்டி எண்ணுவது, பாட்டு முடிந்தும் அணையாமல் முனகும் ஃபீட்பேக், பின்னால் கேட்கும் ஒரு மூச்சு எல்லாம் அந்த அறையில் அன்று இருந்தவை. அவற்றைத் துடைத்தால் அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்தையே துடைத்ததாகிவிடும்.

கடைசியாக இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு ஒலியேற்றி, உச்சத்தை −1 டெசிபலில் நிறுத்துங்கள். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக ஏற்றினால் மெதுவான பாட்டும் கத்தும் பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து தட்டின் ஏற்ற இறக்கம் போய்விடும். சேமிப்பு, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில்.

உறையையும் பாட்டுத்தாளையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஓடிமுடியும் பள்ளத்தில் கையால் கீறிய எழுத்துகளைச் சாய்வாக வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுங்கள். எந்த அச்சுப்பதிப்பு என்று சொல்வது அந்த எழுத்துகள்தான். உரிமை பொதுவாகக் குழுவினரிடமோ தட்டை வெளியிட்டவரிடமோதான் இருக்கும், அவர்களைக் கேட்காமல் பொதுவில் ஏற்றாதீர்கள். அனுமதி கிடைத்தபின்னும் ஒரு வேலை பாக்கி: அந்நாளில் கடிதம் வருவதற்காகப் பாட்டுத்தாளில் சொந்த வீட்டு முகவரியையே அச்சிட்டார்கள், அங்கே இன்னும் அவர்களுடைய பெற்றோர் குடியிருக்கலாம். பொதுவில் போடும் பிரதியில் அந்த வரியை மறைத்துவிடுங்கள்.