மடக்குக் கத்தியின் கிளிப்: பார்த்து வாங்குவதும், பிடிக்காவிட்டால் சரிக்கட்டுவதும்

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் உருக்கு என்ன, பூட்டு என்ன, அலகு எத்தனை அங்குலம் என்றெல்லாம் துருவித் துருவிப் பார்ப்பார்கள். கத்தியைப் பொக்கட்டின் விளிம்பில் கொளுவி வைக்கிற கிளிப்பை மட்டும் யாரும் கணக்கெடுப்பதில்லை. கொஞ்ச நாளில் காற்சட்டைப் பொக்கட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியத் தொடங்கும், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் கத்தி எங்கேயோ விழுந்துவிடும், அப்போதுதான் அப்படியொரு தகடு இருப்பதே ஞாபகம் வரும். ஒன்று இறுக்கம் கூடிப்போன கிளிப், மற்றது குறைந்துபோன கிளிப். கத்தியைக் கழற்றிப் பூட்டவும் தீட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கிளிப்பின் பலத்தை வைத்து அதை எடைபோடாதீர்கள். அதன் நுனி கைபிடியில் எந்த இடத்தைத் தொடுகிறது, அந்த இடம் சொரசொரப்பா வழுவழுப்பா, நீங்கள் உடுத்துகிற துணி என்ன தடிப்பு, இந்த மூன்றும்தான் எல்லாம். ஜீன்ஸுக்கு அளவாக இருக்கும் கிளிப் மெல்லிய காற்சட்டையில் நிற்காது. ஆகவே எது நல்ல கிளிப் என்று கேட்டால் எந்தக் காற்சட்டைக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

இந்தக் கிளிப் ஒன்றும் பரம்பரைச் சாமான் இல்லை. முன்பு பெரிய மடக்குக் கத்தியென்றால் பக் 110 மாதிரி இடுப்பில் தோல் உறைக்குள்தான் தொங்கும். 1981 இல் அமெரிக்காவில் சால் கிளெசரின் ஸ்பைடர்கோ கொம்பனி 'வர்க்கர்' என்ற கத்தியில் பக்கவாட்டில் ஒரு கிளிப்பையும், அலகில் பெருவிரல் வைத்துத் திறக்க ஒரு வட்ட ஓட்டையையும் போட்டுவிட்டது. பிறகு ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பினல் மரப்பிடிக் கத்திகளில் இன்றைக்கும் கிளிப் கிடையாது, அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவை வாசிக்கத் தேவையில்லை.

படி 1: வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

கத்தியை மூடி, பக்கவாட்டாக யன்னல் பக்கம் பிடியுங்கள். கிளிப்புக்கும் கைபிடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவேண்டும். நுனிக்குக் கிட்ட ஓரிடத்தில் மட்டும் தொடவேண்டும், அதுவும் பட்டும் படாமல். ஒரு கொப்பித் தாளை அந்த இடத்தில் நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துவிட்டு வரவேண்டும். தாள் கிழிந்தால் இறுக்கம் கூட, தானாக விழுந்தால் போதாது.

தொட்ட இடத்துக்குப் பிறகு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுதான் துணி உள்ளே நுழையும் வாசல். பொக்கட்டின் விளிம்பு மடித்துத் தைத்த இடம் என்பதால் துணியைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு, வாசல் அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மற்றக் கையால் பொக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொருகவேண்டிவரும். சரி, உயரமாக வைத்தால் என்ன என்றால், அது எல்லாவற்றிலும் கொளுவும். ஓட்டோ சீற்றின் ரெக்சீனைக் கீறும், மோட்டார் சைக்கிளின் தாங்கியைக் கீறும். வாவியில் வலை போடுகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி: வலைக்கண் நேரே போய் கிளிப்பின் நுனியில் மாட்டும், வலையை இழுத்தால் கத்தியும் சேர்ந்து தண்ணீருக்குள் போகும். தோணியில் வேலை செய்கிறவர்கள் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைபிடியின் ஓட்டையில் நைலோன் கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வதுதான் என் விருப்பம்.

இன்னொன்று, கத்தியைத் திறந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு தென்னங்கயிறு ஒன்றை அறுத்துப் பாருங்கள். கிளிப்பின் நுனியோ ஸ்குரூவின் தலையோ உள்ளங்கையில் குத்தினால், உரப்பை வெட்டுகிற அளவுக்குக்கூட அந்தக் கத்தி உதவாது. ஸ்குரூத் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருப்பது நல்லது.

படி 2: அலகின் நுனி மேலேயா கீழேயா

பல கத்திகளில் கிளிப்பை இரண்டு முனைகளிலும் பூட்ட ஓட்டை இருக்கும். பொக்கட்டுக்குள் அலகின் நுனி மேல்நோக்கி இருக்கிற மாதிரிப் பூட்டினால் எடுத்த கையோடு திறக்கலாம். ஆனால் அலகு கொஞ்சம் திறந்துகொண்டால் பொக்கட்டுக்குள் போகிற விரல் வெட்டுப்படும். அதனால் முதலில் மூடிய கத்தியை, அலகு திறக்கும் பக்கம் நிலத்தைப் பார்க்கிற மாதிரிப் பிடித்து, ஆட்கள் இல்லாத இடத்தில் இரண்டு தரம் உதறுங்கள். அலகு அசைந்தால் நுனி மேலே வைக்கவே வேண்டாம், கீழே வையுங்கள். அசையாவிட்டாலும் பொக்கட்டின் பின்பக்கத் தையலோடு அலகுப் பக்கம் ஒட்டி நிற்கும்படி சொருகுங்கள், தையல் அலகைத் திறக்கவிடாது.

கத்தி முழுவதும் பொக்கட்டுக்குள் மறைகிற ஆழமான கிளிப்புகளுக்கு இப்போது மவுசு அதிகம். வெளியே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஈரக்கையோடு இழுப்பதற்குப் பிடிமானம் இருக்காது. ஒரு விரல் அகலம் வெளியே நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

படி 3: கழற்றுவது

கிளிப் ஸ்குரூ அநேகமாக ஆறு முனை நட்சத்திரத் தலை, டி-6 அளவு. அலகின் அச்சு ஸ்குரூ பெரும்பாலும் டி-8. சரியான பிட் இல்லாமல் சின்ன மைனஸ் ஸ்குரூட்ரைவரை வைத்துத் திருகுவது விசர் வேலை, தலை வழித்துப்போகும். ஹாட்வெயார் கடையில் கேட்டால் பெரிய அளவுகள்தான் எடுத்துப் போடுவார்கள். போன் திருத்துகிற கடைக்குப் போங்கள். நான் கேட்ட இடத்தில் அந்தத் தம்பி, "அண்ணே, இது பழைய நோக்கியா கழட்டுற பிட்டுதான், மறுகா ஏன் தேடித் திரியிறீங்க" என்று மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார். வாங்குவதென்றால் பிடியோடு சேர்ந்த ஒற்றை டி-6 வாங்குங்கள். நாற்பது பிட் உள்ள மலிவுப் பெட்டியில் அந்தச் சின்ன பிட்தான் முதலில் முறுகும்.

ஸ்குரூ அசையாவிட்டால் பலம் போடாதீர்கள். தொழிற்சாலையில் பசை போட்டிருப்பார்கள். தலைக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு, சோல்டரிங் அயனின் நுனியைத் தலையில் அரை நிமிடம் வைத்து, பசை இளகியதும் பிட்டை நிமிர்த்தி நன்றாக அமர்த்தித் திருகுங்கள். பிளாஸ்ரிக் கைபிடியென்றால் நேரத்தைக் குறைத்து, விட்டுவிட்டுச் சூடு காட்டவேண்டும்.

படி 4: வளைப்பது

எல்லாரும் மாட்டுப்படுகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். கிளிப்பைக் கத்தியில் பூட்டியபடியே குறட்டால் பிடித்து இழுத்து வளைக்கக் கூடாது. நுனியில் கொடுக்கிற பலமெல்லாம் நெம்பாக மாறி அந்த இரண்டு மூன்று சின்ன ஸ்குரூக்களில்தான் வந்து விழும். மெல்லிய தகட்டிலோ பிளாஸ்ரிக்கிலோ வெட்டிய புரி அதைத் தாங்காது, புரி போனால் கைபிடியே போன மாதிரி.

கழற்றிய கிளிப்பை எடுங்கள். ஸ்குரூ ஓட்டைகள் உள்ள தட்டையான பகுதியைத் துணி சுற்றிக் குறட்டிலோ வைஸிலோ பிடியுங்கள். அந்தப் பகுதி முடிந்து தகடு எழும்புகிற இடம்தான் அடி, அந்த அடியில்தான் வளைவு விழவேண்டும். நடுவில் வளைத்தால் கிளிப் வயிறு தள்ளி நிற்கும், நுனி தொடுகிற இடமும் மாறிப்போகும். இப்போது பெருவிரலால் மெதுவாகத் தள்ளுங்கள். முதலில் தள்ளிய அளவும் அப்படியே திரும்பி வந்துவிடும், ஒன்றும் மாறியிருக்காது. உருக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதுவரை அது பழைய இடத்துக்கே திரும்பும், எல்லையைத் தாண்டிய பங்கு மட்டும்தான் நிரந்தரமாக நிற்கும். ஆகவே கொஞ்சம் கூடத் தள்ளுங்கள், விடுங்கள், கைபிடியில் ஒரு ஸ்குரூவோடு வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். எல்லை கிட்ட வந்துவிட்டால் ஒரு சின்னத் தள்ளலுக்கே நிறைய வளைந்துவிடும், அங்கேதான் அவசரப்பட்டுக் கூட வளைத்துவிடுவார்கள். அப்படியானால் ஒரு தரம் திருப்பி நிமிர்த்தலாம், ஆனால் அங்கும் இங்குமாக வளைத்துக்கொண்டிருந்தால் தகடு களைத்து அடியில் வெடிக்கும்.

டைட்டேனியம் கிளிப்பென்றால் இன்னும் கூடத் தள்ளவேண்டும். அதே அளவு வளைய உருக்குக்குத் தேவைப்படும் பலத்தில் அரைவாசிதான் அதற்குத் தேவை, திரும்பி வருகிற அளவும் அதனால் கூட. முழுக்கட்டியில் கடைந்தெடுத்த தடித்த டைட்டேனியம் கிளிப்பை வளைக்க முயலவே வேண்டாம், அதை விற்றுவிட்டு வேறு பாருங்கள். அழகாக இருக்கும், ஆனால் பொக்கட்டுக்குச் சத்துரு. காரணம் தடிப்புதான்: தகடு 1 மில்லிமீற்றரிலிருந்து 1.2 ஆனால் விறைப்பு ஏறக்குறைய 1.7 மடங்காகும். நீளம் கூடினால் அதே கணக்கில் விறைப்பு குறையும். கட்டையான தடித்த கிளிப்புகள் துணியைத் தின்பது இதனால்தான். என் தெரிவு மெல்லிய, நீளமான உருக்குத் தகடு. கம்பியை வளைத்துச் செய்த கிளிப்பும் நல்லது, கையில் உறுத்தாது.

அளவு சரியா என்று பார்க்க, நீங்கள் அடிக்கடி போடுகிற காற்சட்டையில் கத்தியைச் சொருகி அதைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக்கூடாது. பிறகு உடுத்திக்கொண்டு, மற்றக் கையின் உதவியில்லாமல் இரண்டு விரலால் இழுங்கள். பொக்கட் மேலே எழும்பி வரக்கூடாது. இரண்டும் சரிவந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் நோண்டவேண்டாம்.

படி 5: தொடுகிற இடத்தைத் தேய்ப்பது

கிளிப் அமர்கிற இடம் சொரசொரப்பான ஜி-10 ஆக இருந்தால் எந்த இறுக்கத்திலும் அது அரம் மாதிரித்தான் துணியை அராவும். நுனி தொடுகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் 400 நம்பர் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். மற்ற இடங்களில் பிடிமானம் வேண்டும், விட்டுவிடுங்கள். ஜி-10 என்பது கண்ணாடி நாரும் ரெசினும், அதன் தூளைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், சோறு சாப்பிடுகிற மேசையில் வைத்துச் செய்யாதீர்கள்.

படி 6: பூட்டுவது

ஸ்குரூப் பசையில் நீலம் ஒரு சொட்டு, அதுவும் ஊசி நுனியால். லொக்டைட் கொம்பனியின் பசை என்றால் 243. ஊதா நிற 222 கிடைத்தால் சின்ன ஸ்குரூவுக்கு அதுதான் இன்னும் பொருத்தம். சிவப்பு 271 வேண்டவே வேண்டாம், சூடு காட்டாமல் கழராது. இந்தப் பசை காற்றில்லாத இடத்தில், உலோகத்தில் பட்டால்தான் இறுகும். போத்தலில் பாதிதான் இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், பசை இறுகாமல் இருக்கத்தான் உள்ளே காற்று விட்டிருக்கிறார்கள். பசை கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு தொட்டு வைத்தாலும் கொஞ்சக் காலம் நிற்கும். எல்லா ஸ்குரூவையும் பாதி பாதி பூட்டிவிட்டு, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். இரண்டு விரல் பலம் போதும்.

நம் கரையோர உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் கிளிப்பின் அடிப்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும், அது கண்ணுக்கும் படாது. இடைக்கிடை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகி மண்ணைப் பிடிக்கும்.

பிறகு சேர்த்தவை

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட்டில் சொருகலாமா என்று கேட்டிருந்தார். சொருகலாம், ஆனால் துணிக்குச் சரிக்கட்டிய கிளிப் அந்தத் தோலின் தடிப்புக்கு விரிந்து அப்படியே நின்றுவிடும், மறுபடி காற்சட்டையில் நிற்காது. அதற்கென்று ஒரு கிளிப்பை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் பையில் வெறுமனே போடுவது அதைவிட நல்லது. சாரத்தை மடித்துச் செருகிய இடத்தில் மட்டும் கொளுவவேண்டாம், குந்தி இருந்தால் கத்தி வயிற்றில் முட்டும்.

வேறு கிளிப் ஒன்லைனில் எடுக்கப் போகிறவர்கள் ஓட்டைகளின் தூரத்தை அளந்துவிட்டு எடுங்கள். கத்தியின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் ஓட்டைகள் பதியும், அந்தத் தாளில் நடுவுக்கு நடு அளக்கலாம். கொம்பனிக்குக் கொம்பனி இந்தத் தூரம் மாறும்.

கிளிப்பைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்குரூக்களைத் திரும்பப் பூட்டியதால் அலகு உரசுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தகட்டின் தடிப்பு இல்லாமல் போனதால் ஸ்குரூ அந்த அளவு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறது, வேறொன்றும் இல்லை. உடனே கழற்றுங்கள், அலகின் வாய் கெட்டுப்போகும். ஸ்குரூவை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு வைத்துவிட்டு, ஓட்டைக்குள் மண் போகாமல் கொஞ்சம் மெழுகுதிரி மெழுகை அழுத்தி விடுங்கள்.