ஓப்ரா டின் கப்பலில் ஏறுவதற்கு முன்

லூக்கஸ் போப் 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ கணினி விளையாட்டைப் போன வாரம்தான் முடித்தேன். 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது ஒரு கப்பல். அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நீங்கள் எழுதித் தர வேண்டும்.

முதலில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டில் உங்கள் கையில் ஒரு கடிகாரம் இருக்கும்; ஒருவர் செத்த நொடிக்கு அது உங்களைக் கொண்டுபோகும். பிணத்தருகே அதைத் திறந்ததும் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பேச்சுச் சாயலை வைத்தே சிலர் எந்த நாட்டுக்காரர் என்று பிடித்துவிடலாம். அப்புறம் உறைந்த காட்சி வரும். நடுவில் சாகிறவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓரமாக நிற்பவர்களைப் பாருங்கள். மாலுமிகளின் தூளிப்படுக்கைகளில் எண் இருக்கும், பெயர்ப்பட்டியலிலும் எண் உண்டு. இதைக் கவனிக்காமல் நான் இரண்டு ராத்திரியைத் தொலைத்தேன்.

கப்பலில் இருந்தவர்களின் படத்தில் ஒருவர் முகம் மங்கலாக இருந்தால் அவரை விட்டுவிடுங்கள், இன்னும் துப்பு சேரவில்லை. மூன்று பேரின் கதி சரியானால்தான் விளையாட்டு ஒப்புக்கொள்ளும். ஆகவே இரண்டு உறுதியானபின் மூன்றாவதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். திருட்டுத்தனம்தான்; நானும் செய்தேன்.

கூடவே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தேன். அது 1736 முதல் 1761 வரையிலான பிரெஞ்சுப் புதுச்சேரி; கம்பெனியும் வேறு, காலமும் முந்தியது. ஆனாலும் கப்பல், சரக்கு, வதந்தி எல்லாம் அதிலும் உண்டு. தினம் பத்துப் பக்கம் போதும். பக்கத்தில் ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஓப்ரா டின்னுக்கு வைத்திருந்த நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன்.