டம்மி டக் தழும்பு: களிம்புக்கு முன்னால் குடத்தைக் கவனியுங்கள்

என் அடிவயிற்றில் இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை டம்மி டக் அறுவை சிகிச்சையின் தழும்பு ஒரு கோடாக ஓடுகிறது. வலப்பக்கம் அது பென்சிலால் இழுத்தது போல மெல்லியது. இடப்பக்கம் நான்கு விரற்கடை நீளத்துக்குச் சுண்டுவிரல் அகலமாக விரிந்து, பளபளவென்று கிடக்கிறது. ஒரே மருத்துவர், ஒரே நாள், ஒரே தையல். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நான் குடம் வைப்பது இடது இடுப்பில்.

அறுவை சிகிச்சை பெங்களூரில் நடந்தது, வீடு கிருஷ்ணகிரியில். ஐந்தாவது வாரம், குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. ஒரு குடம்தானே என்று தூக்கினேன். 15 லிட்டர் குடம், 15 கிலோ. எனக்கு அனுமதித்திருந்ததோ 4 கிலோ. காயம் பிரியவில்லை, ஒரு சொட்டு இரத்தம்கூட வரவில்லை. அந்தத் தைரியத்தில் மறுநாளும் தூக்கினேன். மூன்றாவது மாதம் கண்ணாடியில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

டம்மி டக் என்பது வயிற்றில் தொங்கும் தோலை வெட்டி எடுத்துவிட்டு, மேலே மிஞ்சிய தோலைக் கீழே இழுத்துத் தைப்பது. ஆகவே அந்தத் தையல் பிறக்கும்போதே இழுபட்ட தையல். மூன்று வாரம் ஆன காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் வரும். முழுப் பலம் ஒருபோதும் திரும்பாது. வெளியே ஆறிவிட்டதாகத் தெரிகிற வாரங்களில் உள்ளே அது இன்னும் பச்சை மண்தான். கீழே சொல்வதையெல்லாம் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதல் படி: கூன் போட்டே நடங்கள்

முதல் ஒன்றிரண்டு வாரம் நிமிர்ந்து நடக்க ஆசைப்படாதீர்கள். சற்றுக் குனிந்தே நடங்கள். படுக்கும்போது முதுகுக்குக் கீழே இரண்டு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். என் நாத்தனார் பார்க்க வந்து நகைச்சுவையாகப் பேசிய அரை மணி நேரம் எனக்கு நரகம்.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி 90 கிலோமீட்டர். காரில் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே அதே தலையணையை வையுங்கள். ஓசூரில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் இரத்தம் உறையலாம்.

காயத்துக்குள் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாயோடு அனுப்பியிருந்தால், தினமும் எத்தனை மில்லி வடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

மலச்சிக்கலை யாரும் தழும்போடு சேர்த்து யோசிப்பதில்லை. சில வலி மாத்திரைகள் வயிற்றைக் கட்டும். முக்கினால் தையல் இழுபடும். பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இரண்டாம் படி: நாடா

இதை எனக்கு எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் இரண்டு தழும்பு வரும். ஒன்று கீழே நீளக் கோடு, இன்னொன்று தொப்புளைச் சுற்றி. உள்பாவாடை நாடாவின் முடிச்சு நேராகத் தொப்புள் அருகே உட்காரும். உள்ளாடையின் எலாஸ்டிக் கீழ்க் கோட்டின் மேலேயே ஓடும். நாள் முழுக்க இரண்டும் உரசினால் எந்த ஜெல் தடவியும் பலன் இல்லை. முதல் இரண்டு மாதம் நைட்டி போதும். உள்ளாடையை ஓர் அளவு பெரிதாக, இடுப்பு வரை ஏறுகிற பருத்தியில் வாங்குங்கள். மருத்துவர் கொடுக்கிற வயிற்றுப் பெல்ட்டை வழக்கமாக ஆறு வாரம் போடச் சொல்வார்கள். அதற்குள்ளே ஒரு மெல்லிய பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

குளிக்க அனுமதி கிடைத்த பிறகு காயத்தைத் தேய்க்காமல், துவைத்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். மேலே பவுடர் போடாதீர்கள்.

மூன்றாம் படி: பத்தியத்தை மறந்துவிடுங்கள்

பருப்பு சாப்பிட்டால் சீழ் கட்டும், முட்டை ஆகாது என்று எங்கள் தெருவே வந்து சொன்னது. அத்தை எனக்கு ரசம் சாதத்தைத் தவிர வேறெதுவும் தர மறுத்தார். உண்மை நேர் எதிர். தோலை ஒட்டவைப்பது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை ஒரு நாளைக்கு வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். களியும் கொள்ளுக் குழம்பும் கூடவே இரண்டு முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் காயம் ஆறாது. மாம்பழக் காலத்தில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பிறகும் நான்கு வாரம் தொடக்கூடாது. நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும். தையலின் நடுப்பகுதிக்குத்தான் இரத்தம் கடைசியாகப் போய்ச் சேருகிறது. அங்கே தோல் கறுத்து அழுகிப்போகலாம். பீடி, சிகரெட்டும் அப்படியே.

நான்காம் படி: டேப்பும் சிலிக்கோனும்

முதல் வாரங்களில் மைக்ரோபோர் டேப்பை (காகிதம் போன்ற மருத்துவ ஒட்டு நாடா)க் கோட்டின் நீளவாக்கில் ஒட்டச் சொல்வார்கள். தோல் இழுபடாமல் தாங்குவதுதான் அதன் வேலை. பொருக்கு முழுவதும் உதிர்ந்து, எங்கேயும் ஈரமோ திறப்போ இல்லை என்றான பின்பே சிலிக்கோனைத் தொடங்குங்கள். பலருக்கு அது மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வரும். தழும்புக்கென்று கடையில் விற்பவற்றில் ஓரளவு சான்று உள்ளது இதற்குத்தான். ஜெல் என்றால் காலையும் இரவும் மெல்லிய பூச்சு, காய்ந்த பிறகே துணி. ஷீட் என்றால் ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், தினமும் சோப்பு நீரில் கழுவ வேண்டும். சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் எனக்கு வேர்க்குரு வந்தது, ஜெல்லுக்கு மாறிவிட்டேன். எதுவானாலும் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும்.

வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளித் தடவுவதை விடுங்கள். பலன் நிரூபிக்கப்படவில்லை, சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மஞ்சளை ஆறாத காயத்தில் அப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: நீவுதல்

ஆறு வாரம் வாக்கில், மருத்துவர் அனுமதித்த பிறகு. இரண்டு விரலைத் தழும்பின் மேல் வைத்து, தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, விரல் வழுக்காமல் அடித்தோலோடு சேர்த்துச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். பிறகு மேலும் கீழும், பக்கவாட்டில். ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. கட்டியாக இருக்கும் இடத்தில் கூடுதல் நேரம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். ஒகேனக்கல் போனால் ஆற்றங்கரை எண்ணெய் மசாஜுக்கு மனம் அலையும். கால், தலை பிடித்துவிடச் சொல்லுங்கள். முதல் ஆண்டு வயிற்றில் அந்தக் கை படவே வேண்டாம்.

கீழ்க் கோட்டுக்கு வெயில் படாது. தொப்புள் தழும்பு புடவையில் வெளியே தெரியும், வெயிலில் நிரந்தரமாகக் கறுத்துவிடலாம். ஓராண்டு வரை மறைத்துக் கட்டுங்கள், அல்லது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

இரண்டு, மூன்று மாதத்தில் தழும்பு முன்பைவிடச் சிவந்து, தடித்து, அரிக்கும். அது இயல்பு, மங்கி அடங்க 12 முதல் 18 மாதம் ஆகும். காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவினால் அது கீலாய்டு. மாநிறத்தவருக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்தில் கட்டி வந்த வரலாறு குடும்பத்தில் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே காட்டினால் ஸ்டீராய்டு ஊசியால் அமுக்கலாம்.

காய்ச்சல், சீழ், நாற்றம், கறுக்கும் ஓரம், தண்ணீர்ப் பை போலத் தளும்பும் வீக்கம் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், பெங்களூருக்குப் புறப்படாமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

என் இடப்பக்கத்தை மட்டும் வெட்டித் திரும்பத் தைக்கலாம் என்கிறார் மருத்துவர். ஓராண்டு கழிந்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். எனக்கு இது 14ஆம் மாதம். மறுபடியும் ஆறு வாரம் தண்ணீர் யார் பிடிப்பார் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.