செப்புக் கம்பி பிளக் ஒயர் வேண்டாம்: டிராக் கார்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன மாதம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் பயிற்சி ஓட்டத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் தன் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கின் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே பளபளவென்று நான்கு சிவப்பு பிளக் ஒயர்கள் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுபோகும் ஒயர்கள்). “அண்ணா, 4,500 ஆர்பிஎம் தாண்டினால் மிஸ்ஸிங் வருகிறது. பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றிவிட்டேன்” என்றார். இன்ஜின் இடையிடையே எரியாமல் விட்டுக் குலுங்குவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த இதே மாடல் காரைப் பற்றி இதே வார்த்தைகளை இன்னொருவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, வரிசை மாற்றிச் செருகக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செப்புக் கம்பி ஒயர்

கடையில் சொல்வது இதுதான்: “கம்பெனி ஒயருக்குள் இருப்பது கரி இழை. அதற்கு மின்தடை அதிகம். செம்புக்குத் தடையே இல்லை, முழுப் பொறியும் பிளக்குக்குப் போகும்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நானும் நம்பினேன்.

உண்மையில் நடப்பது வேறு. மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் இக்னிஷன் காயிலின் மின்னழுத்தம், பிளக் முனைகளின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயும் வரை ஏறிக்கொண்டே போகும். அதுவரை ஒயரில் மின்னோட்டம் அநேகமாக இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது தடை எதைத் தின்னும்? பொறி பற்றிய பிறகும் ஓடுவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 5,000 ஓம் ஒயரில் 0.05 ஆம்பியர் ஓடினால் இழப்பது 250 வோல்ட். பல்லாயிரம் வோல்ட் தரக்கூடிய காயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டுச் செம்பு போட்டு யாரும் குதிரைத்திறன் கூட்டிவிட முடியாது.

அந்தத் தடை அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பொறியும் பாயும் கணத்தில் ஒயர் ஒரு வானொலி ஆன்டெனா போல மின் இரைச்சலைக் கக்குகிறது. அதை அடக்குவது தடைதான். கார்புரேட்டர் காலத்துப் பந்தயக் கார்களில் கணினி கிடையாது, அதனால் செம்பு போட்டாலும் கெடுதல் தெரியவில்லை. அந்தப் பழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் காரிலோ இசியு என்ற இன்ஜின் கணினி ஒவ்வொரு நொடியும் சென்சார்களின் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறது. அதிலும் இந்த ஹோண்டா இன்ஜினில் இக்னிஷன் காயிலும் இன்ஜின் நிலையை உணரும் சென்சாரும் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இரைச்சலையும் துடிப்பென்று இசியு எண்ணிவிட்டால் பொறி தவறான நேரத்தில் விழும்.

எனக்கு நான்கு மாதம் போனது. இன்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரின் முள் 4,500-இல் வெடுக்கென்று துள்ளும், கார் ஒரு கணம் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல நிற்கும். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பம்ப் மாற்றினேன், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன், கடைசியில் இசியுவையும் மாற்றினேன். மொத்தம் 38,000 ரூபாய். கடைசியாக ஒரு மூத்த மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்தார். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து ஃபெண்டர் அருகே பிடித்தார். கரகரவென்று ஒரே சத்தம், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அதே தாளத்தில் ஏறியது. “பழைய ஒயர் எங்கே?” என்று மட்டும் கேட்டார். போட்டோம். மிஸ்ஸிங் போய்விட்டது. இன்ஜெக்ஷன் கார் என்று நான் சொன்ன பிறகும் அந்த ஒயரை என் கையில் திணித்த கடைக்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் கம்பெனி கரி ஒயரையே வாங்குங்கள். அல்லது ஃபெரைட் கருவின் மேல் மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒயரை வாங்குங்கள். இதில் தடை குறைவு, ஆனால் அந்தச் சுருளே இரைச்சலை அடக்கும். கடையிலேயே மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒயரின் இரு முனைகளில் வையுங்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது வெறும் செம்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு ஹோண்டா சொல்லும் உச்ச வரம்பு ஒயருக்கு 25,000 ஓம். அதைத் தாண்டினாலும் வேண்டாம். பிளக்கும் தடை உள்ளதாக இருக்கட்டும். என்ஜிகே நிறுவன பிளக்கின் குறியீட்டில் வெப்பத் தரத்தைக் காட்டும் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

தடிமன்

7 மி.மீ. ஒயருக்கும் 10 மி.மீ. ஒயருக்கும் இடையே கூடுவது பெரும்பாலும் மேலுறைதான். தடித்த ஒயர் கம்பெனி கிளிப்பில் உட்காராது. கிளிப்பைக் கழற்றி வீசுவார்கள், அடுத்த தவறு அங்கே தொடங்கும்.

நிறம்

பொறிக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவது

அழகுக்காக நான்கு ஒயரையும் பிளாஸ்டிக் டேக் போட்டு ஒரே கட்டாக இறுக்குகிறார்கள். இந்த இன்ஜினில் பொறி விழும் வரிசை 1-3-4-2. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 3-ம் 4-ம் சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரிகின்றன. 3-இல் பொறி பாயும்போது 4-இன் பிஸ்டன் அடியிலிருந்து மேலேறத் தொடங்குகிறது. உள்ளே புதுக் காற்று-பெட்ரோல் கலவை, அழுத்தமும் குறைவு, அதனால் சிறிய மின்னழுத்தமே அங்கே பொறியை உண்டாக்கிவிடும். ஒட்டிக் கிடக்கும் 3-ஆம் ஒயர் 4-ஆம் ஒயரில் அந்த மின்னழுத்தத்தைத் தூண்டினால் கலவை அரைச் சுற்று முன்னதாகவே எரியும், மேலே வரும் பிஸ்டன் நெருப்பை எதிர்த்து ஏற வேண்டியிருக்கும். பிஸ்டனும் பேரிங்கும் தாங்காது. 2-க்கும் 1-க்கும் இதே ஆபத்து உண்டு. அந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒயர்களைப் பிரித்து வைக்கத்தான் இருக்கின்றன. ஒயரிலிருந்து எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது கையைத் தள்ளி வைத்துக்கொண்டு தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீல நிறத்தில் மினுங்கும்.

குழியில் எண்ணெய்

இந்த இன்ஜினில் பிளக்குகள் வால்வு கவரின் நடுவே ஆழமான குழிகளில் இருக்கின்றன. குழியின் சீல் தேய்ந்தால் எண்ணெய் இறங்கி ஒயர் முனையிலுள்ள ரப்பர் உறை (பூட்) ஊறிக் கொழகொழத்துவிடும். சீல் மாற்றாமல் புது ஒயர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

வெட்டிப் பொருத்தும் செட்

ஒயர் முனையில் உலோக இணைப்பை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவி கையில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

பழைய செட்டை எறிவது

எறியாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கை கொடுக்கும். அந்த இளைஞரின் டிக்கியில் பழைய செட் ஒரு துணிப்பையில் கிடந்தது. மாற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பிற்பகல் ஓட்டத்தில் முள் துள்ளாமல் 6,500 வரை ஏறியது.