வீவக வீட்டில் முதல் பவளத் தொட்டி: வாங்குவதற்கு முன்

நன்னீர்த் தொட்டியைச் சில வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். கப்பி பெருகியிருக்கும், டிஸ்கஸ் கையிலேயே வந்து தின்னும். அந்தத் தைரியத்தில் சிங்கப்பூரில் மீன் கடைகள் இருக்கும் சிராங்கூன் நார்த் பக்கம் போய் ஒரு ஜோடி கிளவுன் மீனும் ஒரு வாளி உப்பும் வாங்கி வந்துவிடுகிறார்கள். நான் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். யீஷூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கூடத்தில் இரண்டடிப் பவளத் தொட்டி. யாராவது "அண்ணே, கடல் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன்" என்றால், "சில்லரோட சூட்டை எங்க விடப்போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். சில்லர் என்றால் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம்.

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். நம் வீட்டில் தண்ணீர் சும்மாவே 29, 30-இல் நிற்கும். பம்பும் விளக்கும் அதன் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றும். டிஸ்கஸுக்கு அது சுகம், பவளத்துக்கு ஆகாது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியபோது நம் தென் தீவுகளின் பவளமே வெளுத்துப் போனது. தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும்தான். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் மழை நாளில் தண்ணீர் ஆவியாவது குறைந்துவிடும், ஃபேன் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே சில்லர். அது தண்ணீரில் இருக்கும் சூட்டை எடுத்து உங்கள் கூடத்தில் கொட்டும் இயந்திரம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதைக் கேபினட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், கடைசியில் கம்ப்ரஸரே போய்விடும். சில்லரை வெளியே வையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள், சூடான காற்று ஜன்னல் பக்கம் போகட்டும். 120 லிட்டர் தொட்டிக்கு 1/10 குதிரைத்திறன் பொதுவாகப் போதும். மேற்கு பார்த்த வீடு என்றால் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஏர்கானுக்கு நாங்கள் சொல்வதும் இதேதான், அதையும் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது எடை. வீவக வீட்டுத் தரை சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. இரண்டடித் தொட்டி, பாறை, கேபினட், கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அறை நடுவில் வைக்காமல், கீழே உத்தரம் போகும் சுவரோரமாக வையுங்கள். நான்கடித் தொட்டி ஆசை இருந்தால் முதலில் ஒரு பொறியாளரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

இனி தண்ணீர். நன்னீருக்குக் குழாய்த் தண்ணீரில் ஆன்டி-குளோரின் நாலு சொட்டு விட்டால் வேலை முடிந்தது. கடல் தொட்டிக்கு அது போதாது. பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்த் தண்ணீரில் குளோராமின் சேர்க்கிறது. ஆன்டி-குளோரின் அதிலுள்ள குளோரினை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும். அதோடு சிலிக்கேட் போன்றவையும் வரும், பாசிக்கு அது விருந்து. அதனால் ஆர்.ஓ. என்ற சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குங்கள், மிச்சக் கரைபொருளையும் பிடிக்கும் டி.ஐ. பிசின் கடைசியில் உள்ளதாகப் பார்த்து. வெளிவரும் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நாலு லிட்டர் கழிவு போகும். வீட்டில் திட்டு விழுவதற்கு முன் அதைத் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் பிடித்து வையுங்கள்.

நன்னீர்க்காரர்களுக்குக் கை பழக நாளாகும் விஷயம் ஒன்று உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மட்டம் இறங்கினால் உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான். ஃபேன் ஓடும் கூடத்தில் தினமும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் போகும், அதனால் குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வாங்குவது வீண் செலவு இல்லை. அதற்கான ஆர்.ஓ. வாளியைக் கண்டிப்பாக மூடி வையுங்கள். தேங்கிய நல்ல தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தோதான இடம். தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரி கதவைத் தட்டினால் பவளத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

உப்பளவு ஆயிரத்துக்கு 35, அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.026. லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் உப்பு பிடிக்கும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள சோதனைக் கரைசலில் வைத்துச் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

சைக்கிள், அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் முதலில் வளர்ப்பது பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே பி.எச். 8.2 பக்கம் நிற்கும். டிஸ்கஸ் தொட்டியின் 6.5-இல் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கும், 8.2-இல் அதே அளவே மீனைக் கொல்லும். மீன் விட்டுச் சைக்கிள் பண்ணாதீர்கள். பாறையையும் பாக்டீரியா புட்டியையும் வைத்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை காத்திருங்கள். அதன்பிறகு மணல் மேல் பழுப்புப் பாசி படரும். பயப்பட வேண்டாம், தானே போகும்.

பழைய தொட்டியையே பயன்படுத்தலாமா? அதில் செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் வேண்டாம். செம்பு துளி இருந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. பழைய மணலையும் தூக்கிப் போடுங்கள். பழைய ஹீட்டரைப் பற்றி நம் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை.

விளக்கு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), அலை பம்ப் எல்லாம் நடுத்தர விலையில் போதும். ஆயிரம் வெள்ளி விளக்கு வாங்கிவிட்டு சில்லரில் சிக்கனம் பார்ப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை.

உயிர்கள் கடைசியில். முதல் பவளம் மஷ்ரூம், லெதர், ஸோவந்திட் என்று மென்மையானதாக இருக்கட்டும். ஸோவந்திட்டைக் கையுறை போட்டுத் தொடுங்கள், அது ஒட்டிய பாறையில் வெந்நீர் ஊற்றாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு, ஆவியோடு மூச்சில் ஏறும். மீன் என்றால் கிளவுன் ஜோடியும் ஒரு கோபியும் போதும். நீல டாங் மீன் ஓர் அடி வரை வளரும், இரண்டடித் தொட்டியில் விடுவது பாவம். ஜோகூரில் மலிவு என்று பவளத்தைப் பையில் போட்டு உட்லண்ட்ஸ் வழியாகக் கொண்டுவராதீர்கள். கடினப் பவளம் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் வழக்குதான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் தொட்டி வாங்கும்போதே அதையும் யோசியுங்கள். சாவி வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாள் தீனியை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள், டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் கொட்டிவிடுவார். டாப்-அப் வாளியில் மார்க்கரால் கோடு போட்டு, அதற்குக் கீழே போனால் எந்தக் கேனிலிருந்து ஊற்ற வேண்டும் என்று கேனிலேயே எழுதி ஒட்டுங்கள்.