ஸ்டேப்ளர் போனதும் தொடரே போச்சா? நீண்டநாள் குற்றத் தொடரின் தரம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவைப் பற்றிய அமெரிக்கத் தொடரான ‘லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு.’ 1999 செப்டம்பர் 20ஆம் தேதி தொடங்கியது. கால் நூற்றாண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்களும் அண்மையில்தான் பிடித்துக்கொண்டவர்களும் ஒரே காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் “முன்ன மாதிரி இல்லப்பா” என்று ஆரம்பித்துவிடுவார். சொல்லட்டும், தவறில்லை. அதற்கு அவர் அடுக்கும் காரணங்கள்தான் சிக்கல். பழைய ரசிகர்கள் என்றோ சொல்லிப் பார்த்து, எதிரில் இருப்பவர் இரண்டு கேள்வி கேட்டதும் விழுந்துபோன அதே காரணங்களைப் புதியவர்கள் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எடுத்துவருகிறார்கள். கதாபாத்திரத்தின் பெயரை மாற்றிச் சொல்வது, சீசன் எண்ணைக் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். நாலு பேர் திருத்தினால் தானாகச் சரியாகிவிடும்.

நினைவில் இருப்பதைப் பழைய தரம் என்று எடுத்துக்கொள்வது

முதல் பத்து சீசன்களில் மட்டும் 220க்கு மேற்பட்ட எபிசோடுகள் உண்டு. அவற்றில் எத்தனையை உங்களால் கதையோடு சொல்ல முடியும்? பதினைந்து சொன்னாலே பெரிய விஷயம். அந்தப் பதினைந்தையும் போன வாரம் வந்த ஒரே ஒரு எபிசோடையும் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீதி 200இல் எத்தனை சுமார் ரகம் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

நியாயமாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. 5ஆம் சீசனையும் 24ஆம் சீசனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த எபிசோடுகளைப் பார்ப்பது என்று 3, 5, 11, 18 என எண்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். சீசனின் முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் வேண்டாம். வேறு தொடரோடு இணைத்து எடுத்த சிறப்பு எபிசோடுகளும் வேண்டாம். நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் வந்தவற்றையும் தள்ளிவையுங்கள். அமெரிக்காவில் விளம்பரக் கட்டணத்துக்காகப் பார்வையாளர் கணக்கெடுப்பு நடக்கும் மாதங்கள் அவை. கைவசம் இருக்கும் நல்ல சரக்கை அப்போதுதான் இறக்குவார்கள். நீங்கள் எழுதிய எண் அந்த மாதங்களில் விழுந்தால் அதற்கு அடுத்த எபிசோடுக்குப் போங்கள்.

பார்க்கும்போது தாளில் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: குற்றம் தெரியவரும் நிமிடம், முதல் சந்தேக நபர் வரும் நிமிடம், அவர் குற்றவாளி இல்லை என்று தெரியும் நிமிடம், கைது, கதை முடிவு. எட்டு எபிசோடுக்கு நாற்பது எண்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவருடன்தான் வாதாட முடியும்.

நடிகர் போனதால் தரம் போச்சு என்பது

எல்லாத் தவறுகளிலும் எரிச்சலூட்டுவது இதுதான். அதிகம் பரவியிருப்பதும் இதுதான். 12ஆம் சீசன் முடிந்து, 2011இல் துப்பறிவாளர் எலியட் ஸ்டேப்ளராக நடித்த கிறிஸ்டஃபர் மெலோனி விலகினார். “அதோட முடிஞ்சது” என்பது பலருக்கு மறுபேச்சில்லாத தீர்ப்பு.

அதே கோடையில் வேறு யார் போனார்கள் என்று பாருங்கள். இரண்டாம் சீசனிலிருந்து எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை தாங்கிய நீல் பேர் விலகினார். மனநல மருத்துவராக வந்த பி.டி. வாங்கும் தடயவியல் மருத்துவராக வந்த தமாரா டூனியும் முதன்மை நடிகர் வரிசையிலிருந்து இறங்கினார்கள். டேனி பினோ, கெல்லி கிடிஷ் என இரண்டு புதிய துப்பறிவாளர்கள் சேர்ந்தார்கள். எழுத்தறைக்கு, அதாவது எழுத்தாளர் குழுவுக்கு, தலைவராக வாரன் லைட் வந்தார். ஒரே சட்டியில் உப்பு, புளி, காரம் மூன்றையும் மாற்றிவிட்டு, “கறிவேப்பிலை இல்லாததால்தான் ருசி கெட்டது” என்றால் எப்படி?

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது எழுத்தறைதான். ஷோரன்னர் என்று சொல்லப்படும் தலைமை எழுத்தாளர்தான் எந்த வழக்கு, யார் குற்றவாளி, முடிவில் நீதி கிடைக்குமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர். யார் பெயரில் எழுதப்பட்ட எபிசோடாக இருந்தாலும் கடைசித் திருத்தம் பெரும்பாலும் அவர் மேசையில்தான் நடக்கும். நீல் பேர் மருத்துவம் படித்தவர். அவர் காலத்து எபிசோடுகளில் பாதியில் ஒரு நோயோ, மரபணுச் சோதனையோ, மனநலச் சிக்கலோ வந்து வழக்கையே வேறு பக்கம் திருப்பும். வாரன் லைட் நாடகாசிரியர், டோனி விருது பெற்றவர். அவர் வந்த பிறகு திருப்பங்கள் குறைந்தன. அறைக்குள் நடக்கும் பேச்சு கூடியது. நீதிமன்றக் காட்சிகளுக்கு எடை ஏறியது. நாயகி ஒலிவியா பென்சனின் சொந்த வாழ்க்கை கதைக்குள் வந்தது. “பென்சன் பென்சன்னு ஒரே பாட்டு” என்று குறைப்படுகிறவர்கள் மெலோனி போனதால் ஏற்பட்ட வெற்றிடம் என்று அதை விளக்குவார்கள். வெற்றிடத்தை வேறு எப்படியும் நிரப்பியிருக்கலாம். இப்படி நிரப்பலாம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவெடுத்தார் என்பதுதான் விஷயம்.

12க்குப் பிந்தையதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுவது இதன் கிளைத் தவறு. 13 முதல் 17ஆம் சீசன் வரை எழுத்தறைத் தலைவர் லைட். 18இல் ரிக் ஈட். 19, 20இல் மைக்கேல் செர்னுச்சின். 21 முதல் 23 வரை மறுபடியும் லைட். 24இல் டேவிட் கிராசியானோ. இத்தனை கைகள் மாறிய காலத்தை ‘ஸ்டேப்ளருக்குப் பின்’ என்று ஒரே பெயரில் அழைப்பவர் 18ஆம் சீசனில் கண்ட குறைக்கு 14ஆம் சீசனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

நடிகரா, எழுத்தறையா என்று உறுதியாகப் பேச வேண்டுமானால் இரண்டில் ஒன்று மட்டும் மாறிய தொடர்களைப் பாருங்கள். ‘என்.சி.ஐ.எஸ்.’ தொடரை உருவாக்கிய டொனால்ட் பெலிசாரியோ 2007இல் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார்; நாயகன் மார்க் ஹார்மன் அப்படியே இருந்தார். தொடர் சரியவில்லை. 2012-13இல் அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த தொடராகவே ஆனது. ‘சி.எஸ்.ஐ.’ இதற்கு நேர்மாறு. 2009 ஜனவரியில், ஒன்பதாம் சீசனின் நடுவில், நாயகன் வில்லியம் பீட்டர்சன் வெளியேறினார். கேரல் மெண்டல்சனும் நரேன் ஷங்கரும் எழுத்தறைத் தலைமையில் தொடர்ந்தார்கள். அங்கே தரம் இறங்கியது என்று ஒருவர் சொன்னால், நடிகரைக் காரணம் காட்ட அவருக்கு உரிமை உண்டு. அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் போன்ற பெரிய நடிகர் ஒருவரை அழைத்துவந்து ஆய்வகத்தின் கடைக்குட்டியாக உட்காரவைத்தது யார்? அதுவும் எழுத்தறைதான்.

ஆகவே நடிகரின் பெயரை எடுக்குமுன் தலைப்பு வரிகளை நிறுத்திப் படியுங்கள். ‘ஸ்டோரி பை’ ஒருவர், ‘டெலிப்ளே பை’ இன்னொருவர் என்றால் கதை ஒருவருடையது, காட்சியும் வசனமும் மற்றவருடையது. இரண்டு பெயர்களுக்கு நடுவில் ‘அண்ட்’ என்பது ‘&’ குறியாக வந்தால் இருவரும் ஜோடியாக எழுதியவர்கள். எழுத்துகளாக வந்தால் தனித்தனியே எழுதியவர்கள். பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றியிருப்பார். உங்களுக்குப் பிடிக்காத பத்து எபிசோடுகளில் இந்தப் பெயர்களைக் குறித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது யார் என்று தெரிந்துவிடும்.

நிமிடக் கணக்கை மறப்பது

“குற்றவாளி யார்னு இப்பல்லாம் ஈசியா தெரிஞ்சிடுது.” தெரிந்துவிடத்தான் செய்கிறது. 1990இல் எஸ்.வி.யு.வின் தாய்த் தொடரான ‘லா அண்ட் ஆர்டர்’ தொடங்கியபோது ஒரு மணி நேர இடத்தில் கதைக்கு ஏறத்தாழ 47 நிமிடம் கிடைத்தது. இப்போது 42ஐ ஒட்டித்தான். போன ஐந்து நிமிடத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டது. ஒரு தவறான சந்தேக நபரை அறிமுகப்படுத்தி, விசாரித்து, விடுவிக்கக் குறைந்தது மூன்று காட்சிகள் வேண்டும். வெட்டும்போது முதலில் போவது அவர்தான். மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர் என்றால், பாதி ஊகம் தானாகவே சரியாகிவிடும். தெரிந்த முகமுள்ள விருந்தினர் நடிகர் பத்தாவது நிமிடத்தில் சும்மா வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போனால் அவர்மேல் ஒரு கண் வையுங்கள். இது பழைய சீசன்களிலும் உண்டு. கூட்டம் அதிகமாக இருந்ததால் மறைந்திருந்தது.

பார்வையாளர் எண்ணிக்கையைச் சான்றாக நீட்டுவது

2009இல் எஸ்.வி.யு.வை ஒளிபரப்பும் என்.பி.சி. தொலைக்காட்சி இரவு 10 மணி இடத்தை ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சிக்குக் கொடுத்தது. எஸ்.வி.யு. புதன்கிழமை 9 மணிக்குத் தள்ளப்பட்டது. ‘சி.எஸ்.ஐ.’ 2011இல் வியாழனிலிருந்து புதனுக்குப் போனது. நாள் மாறினால் எண்ணிக்கை மாறும். கதை மாறியதாக அர்த்தமில்லை.

நட்சத்திரப் புள்ளிகள்

இணையத்தில் 25ஆம் சீசனுக்கு நட்சத்திரப் புள்ளி போடுகிறவர் 25 சீசன் பார்த்தவர். வெறுத்தவர் எப்போதோ எழுந்து போய்விட்டார்; அவர் புள்ளி கணக்கில் வருவதே இல்லை.

சீசன் நீளத்தைப் பாராமல் திட்டுவது

ஒன்பதாம் சீசனில் 19 எபிசோடுகள்தான். 2007 நவம்பரில் தொடங்கி மறு பிப்ரவரி வரை நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தம் காரணம். 2023இல் எழுத்தாளர்களும் பிறகு நடிகர்களும் வேலையை நிறுத்தியதால் 25ஆம் சீசன் 2024 ஜனவரியில்தான் வந்தது, மொத்தம் 13. 22 எபிசோடில் மெல்ல நகர்த்த வேண்டிய கிளைக்கதையை 13இல் அடைத்தால் அவசரம் தெரியத்தான் செய்யும்.

‘வேட்டை’யோடு ஒப்பிடுவது

சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியில் வந்த குற்றத் தொடரான ‘வேட்டை’யைப் பார்த்துவிட்டு “நம்ம ஆளுங்க கோர்ட் சீனே ஒழுங்கா எடுக்க மாட்டாங்க” என்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொடரின் கடைசிப் பத்து நிமிடம் நிற்பது ஜூரியின்மேல். வழக்கறிஞர் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். கேமராவும் அங்கேயே இருக்கும். சிங்கப்பூரில் ஜூரி முறை 1969இலேயே ஒழிக்கப்பட்டது. நீதிபதி ஒருவர் முன்னால் அதே ஆவேசப் பேச்சை வைத்தால் நகைச்சுவையாகிவிடும். தயாரிப்பு முறையும் வேறு. அங்கே ஆண்டுதோறும் இருபதுக்கு மேல் எபிசோடுகளைக் கொடுத்தாக வேண்டும். இங்கே இரண்டு சீசன்களுக்கு நடுவில் ஆண்டுகள் கழிகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறையப் புதுத் தொடர். ‘வேட்டை’யை அதன் முந்தைய சீசனோடு ஒப்பிடுங்கள், போதும்.

வெள்ளிக்கிழமை காலை

நியூயார்க்கில் வியாழன் இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் நமக்கு வெள்ளி காலை 9. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுவரை 10. அந்நேரம் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். குற்றவாளி யாரென்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.