உடைப்பை அடைக்கும் அவசரத்தில் நேரும் தவறுகள்

சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாய், ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையிலுள்ள ஜீரோ பாயின்ட் வரை 152 கிலோமீட்டரும், அங்கிருந்து பூண்டி ஏரி வரை 25 கிலோமீட்டரும் ஓடுகிறது. இவ்வளவு நீளத்தில் எங்கேனும் ஓரிடத்தில் கரை உடைந்தால், அதைச் சீரமைக்கும் வரை அவ்வழியே நீர் வராது. ஆனால் பொக்லைனைக் கொண்டுவந்து மண்ணைக் கொட்டிவிட்டால் வேலை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம்.

தவறு உடைப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கரையின் வெளிச்சரிவில் ஊறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் தொடர்ந்து கண்காணித்தால் போதும், கலங்கலாக வந்து அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது பதறிப்போய் ஊற்றுக்கண்ணின் மேல் களிமண்ணை அப்பினால், நீர் பக்கத்திலேயே வேறொரு வழியைத் திறந்துகொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறைபோல அடுக்கி, உள்ளே நீர் மட்டத்தை உயரவிட்டால், இருபுற மட்டங்களின் வேறுபாடு குறைந்து மண் வருவது நிற்கும். தெளிந்த நீரை மட்டும் வழியவிட வேண்டும். அடைப்பதானால் நீர் இருக்கும் உட்புறத்திலிருந்துதான் அடைக்க வேண்டும்.

உடைப்பு விழுந்தபின், கால்வாய்க்கு நீரைத் திறந்துவிடும் தலைமதகை உடனே மூடுவது தவிர்க்க முடியாதது. ஆனால் வெறும் பராமரிப்புக்காகக் கால்வாயை வற்றச்செய்யும்போதும் ஷட்டரை ஒரேயடியாக இறக்குவது பெரும் பிழையாகும். கரைக்குள் ஊறியிருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாததால், அதன் அழுத்தம் உட்புறச் சிமென்ட் பலகைகளைப் பெயர்த்துத் தூக்கும். ஈரமண் சரிந்து இறங்கும். ஓரிடத்தைச் சரிசெய்யப் போய் ஒன்பது இடத்தில் ஒட்டுப்போட நேர்வது இப்படித்தான்.

அடுத்தது, சவுக்குக் கட்டையையும் மணல் மூட்டையையும் நிரந்தரக் கரையாகக் கருதுவது. படமெடுக்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் அவற்றை உள்ளேயே விட்டு மேலே மண்ணைப் போட்டால், சாக்கும் கட்டையும் மக்கியபின் அந்தப் பொந்துகளே நீருக்கு வழியாகும். உடைந்த வாயின் செங்குத்தான ஓரங்களைச் சரிவாக வெட்டி, பழைய கரையைப் படிக்கட்டுபோல வெட்டியெடுத்து, புதுமண்ணை அரையடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு உருளை ஓட்ட வேண்டும். மண் கையில் உருண்டையாக நிற்க வேண்டும். பிசைந்த உள்ளங்கையில் நீர் கசியக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் முடிக்கும் பரபரப்பில் சேற்றையே அள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம். கரையைக் குறுக்கே துளைத்துச் செல்லும் குழாய்களைச் சுற்றிலும் உருளை எட்டாதாகையால், அங்கே மண்ணைக் கையால் இடித்து இறுக்கும் கைத்திமிசுதான் உதவும்.

வேலை முடிந்த அன்றே முழு அளவு நீர் விடுவது கடைசித் தவறு. மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, பழைய மண்ணும் புதிய மண்ணும் சேரும் இரு ஓரங்களிலும் இரவில்கூட ஆளை நிறுத்தி, ஈரம் தட்டுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.